பயன்பாட்டுச் சான்று

பதினோரு லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூறு.
இதில் படகு டீசல் பதினெட்டாயிரம்.
ஜெர்மனிச் சல்லடை இரண்டு;
என் ஸ்கூட்டரை விற்றாலும் ஒன்றின் கைப்பிடிகூட வராது.
மீதி கண்ணாடித் தட்டு, எத்தனால்,
ஆராய்ச்சி மாணவி ஒருத்தியின் உதவித்தொகை,
அதுவும் எட்டு மாதம் தாமதமாக.
மூன்று முறை கூட்டினேன். பைசா பிசகவில்லை.

பிசகு, பத்தி பன்னிரண்டில்:
“இவ்வாய்வால் பொதுமக்களுக்கு விளையும் உடனடிப் பயன்.
நூறு சொற்களுக்கு மிகாமல்.”

நூறு எதற்கு, ஒன்று கிடைத்தால் போதும் என்று
மாடியேறிப் போய்க் கேட்டேன்.
நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே
“தெரியாதே சார்” என்றார் முனைவர் ஹமீதா நாச்சியார்.
தெரியாது என்பதை
இத்தனை சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.
எங்கள் பிரிவில் தெரியாது என்றால் மெமோ.

“மூணு நாற்பதுவரை இருந்து பார்த்துட்டுப் போங்க.”

வெள்ளாறு கடலில் விழுமிடத்தில்
மணலுக்கும் மணலுக்கும் நடுவே குடியிருக்கும் புழு.
ரூபாய்க்கும் பைசாவுக்கும் இடையில் நான் வைக்கும்
புள்ளியில் பாதி இருக்கும்.
தட்டுக்கு வந்து பதினோரு நாள்.
சன்னல் முழுக்கக் கறுப்புத் தாள்.
ஆறு இல்லை, அலை இல்லை, நிலா இல்லை.

மூன்று நாற்பது.
ஒன்று. பிறகு நாலைந்து.
பிறகு எண்ண முடியவில்லை,
எண்ணுவதற்கே சம்பளம் வாங்கும் என்னால்.
எல்லாம் மேலே வந்து நின்றன.

இறங்கிப் படகுத்துறைக்கு ஓடினேன்.
“வத்தம் புடிச்சிருச்சு சார்,” என்றான் அஞ்சாப்புலி,
கயிற்றைத் தளர்த்திக்கொண்டே. “இப்பதான்.”

சொன்னேன் அவனிடம்.
“தூண்டில்ல கோக்க ஆவுமா அத?”
ஆகாது. கண்ணுக்கே தெரியாது.
“அதுக்கா பதினோரு லட்சம்?
எறங்குதளத்துல லைட்டு எரிஞ்சு ரெண்டு வருசமாவுது.
போன மாசம் எம் மச்சான் இருட்டுல காலு வச்சு
முட்டி பேந்து கெடக்குறான்.”

இதற்கு என்னிடம் பதில் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.
அவன் காசும் இதில் இருக்கிறது:
வலை நூலில், பீடிக்கட்டில்,
பிள்ளைக்கு வாங்கும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டில்.

முடிச்சுப் போட்டு முடித்த பிறகு
தானாகவே கேட்டான்:
“தண்ணி வத்துறது அதுங்களுக்கு எப்படித் தெரியும்,
ஆறே இல்லாம?”
அதைத்தான் பார்க்கிறார்கள் என்றேன்.
“ம்” என்றான்.
கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தான்,
புதிதாக யாரோ வந்து நிற்பதைப் பார்ப்பதுபோல.

அந்த ‘ம்’மை
எந்தத் தலைப்பின் கீழ் நான் வரவு வைப்பது?

எழுதினேன்: கடலரிப்பைத் தடுக்க உதவக்கூடும்.
அடித்தேன்.
எழுதினேன்: எதிர்கால மருந்துகளுக்கு.
அடித்தேன்.
நீலப் பொருளாதாரம் என்று போடுங்கள், போதும் என்றது
தொலைபேசியில் ஒரு குரல்.
எல்லா ஊருக்கும் பொருந்தும் சர்க்கஸ் கூடாரம் அது.
கடைசியில் எழுதினேன்:
இன்னும் தெரியவில்லை.

நாற்பது நாளில் திரும்பி வந்தது தாள்.
‘இன்னும்’ என்பதன் கீழே பச்சை மையில் கோடு.
ஓரத்தில்: “எந்தத் தேதி வரை? குறிப்பிடுக.”

திட்டம் மார்ச்சோடு முடிந்திருந்தது.
மாணவி இறால் தீவனக் கம்பெனிக்குப் போய்விட்டாள்.
தட்டைக் கழுவிக் கவிழ்ப்பதற்கு முன்
புழுக்களை ஆற்றில் விட்டுவிட்டு வந்தார் நாச்சியார்.

டீசல் பாக்கிக்கு அஞ்சாப்புலி வந்தான்.
ரசீதில் கையெழுத்துப் போட்டான், நோட்டை எண்ணினான்,
போகாமல் நின்றான்.
“இன்னிக்கு எத்தினி மணிக்கு சார் மேல வரும், அதுங்க?”

நாளுக்கு ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.
பத்தி பன்னிரண்டைக் கவிழ்த்துப் போட்டு
அதன் முதுகில்
கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன்.